காலேஜை விட்டுவிட்டு ராணுவத்துக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

ராணுவத்தில் நான்கு வருடப் பணிக்கான அக்னிவீர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்தால் போதும், என் எலும்பு மருத்துவ ஓபிக்குக் கால்வலியோடு பையன்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "ஏம்ப்பா ராணுவம்?" என்று கேட்டால், "அரியர் நிறைய இருக்கு சார், கூட்டாளி போறான், நானும் போறேன்" என்பதுதான் பல பேருடைய பதில். அதில் தப்பில்லை. அப்படிப் போய் நன்றாக வந்தவர்களும் உண்டு. ஆனால் முதலில் காலேஜை விட்டு, அப்புறம் பயிற்சி அகாடமிக்குப் பணம் கட்டி, கடைசியில்தான் உடம்பைப் பார்க்க வருகிறார்களே, அதுதான் எனக்கு ஆதங்கம்.

தேர்விலும் வரிசை அப்படித்தான். முதலில் ஆன்லைன் எழுத்துத் தேர்வு, அப்புறம் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் மருத்துவப் பரிசோதனை. அங்கே நிறக்குருடு என்று தெரிந்தால் என்ன செய்ய முடியும்? அது பிறவியிலேயே வருவது; சரிசெய்ய ஆபரேஷன் கிடையாது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைக் கண் மருத்துவரிடம் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தட்டைப் பாதமா என்று அறிய, ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தடத்தைப் பாருங்கள். உள்பக்கம் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்திருந்தால் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள். குதிகாலைத் தூக்கி நிற்கும்போது வளைவு எழும்புகிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் கவனிப்போம். எழும்பினால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்தது ஓட்டம். ஆறு மாதம் கட்டிலில் கிடந்தவன் திடீரென்று தேய்ந்துபோன ஷூவோடு தார்ரோட்டில் தினமும் ஓடினால் முன்காலெலும்பு தாங்காது. எலும்பில் ஒரே இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் சுளீர் என்கிறதா? மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். "ஊசி போட்டு விடுங்க சார், நாளைக்கு ஓடணும்" என்பார்கள். நான் போடுவதில்லை. வலியை மறைத்து ஓடினால் விரிசல் முழு முறிவாகிவிடும். மெதுவாகத் தொடங்கி, மண் தரையில் ஓடி, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடுத்தால் இந்த வம்பே இல்லை.

பெற்றோருக்கும் ஒன்று. இது பழைய பட்டாள வேலை இல்லை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபாத் திட்டப்படி பணி நான்கு வருடம். அப்புறம் நிரந்தரமாக எடுக்கப்படுவோர் 25 சதவீதம் வரைதான். அறிவித்தபோது முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் சேமநிதிக்குப் போக, கைக்கு வருவது 21,000. அரசும் அதே அளவு போட்டு, வெளியேறும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. புரோக்கர் யாராவது "காசு கொடுத்தால் எடுத்துவிடலாம்" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான்கு வருடம் கழித்து வெறும் பிளஸ் டூவோடு திரும்பினால் வேலை தேடுவது சிரமம்தான். பணியிலிருக்கும்போதே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) அக்னிவீரர்களுக்கென்றே பட்டப்படிப்பு அறிவித்திருக்கிறார்கள். பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் புள்ளிகளில் பாதி ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும். ஏற்கெனவே காலேஜில் இருப்பவர்கள், சேர்க்கை ஆணை கைக்கு வரும்வரை டிசி வாங்காதீர்கள்.