ஓடும் வண்டியில் பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றாதீர்கள்

நாமக்கல்லிலிருந்து பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிச் செல்லும் டீசல் பிக்கப் ஒன்று சென்ற வாரம் எங்கள் பட்டறைக்கு வந்தது. 11 மாதங்களில் அது மூன்றாவது பேட்டரி. கேபினுக்குள் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதென்று அதன் ஓட்டுநர் இரண்டு வாரமாகத் தட்டுத் தட்டாக இறக்கி உடைந்த முட்டையைத் தேடியிருக்கிறார். "ஒரு முட்டைகூட ஒடையலீங்ணா, நாத்தம் மட்டும் போகமாட்டேங்குதுங்க" என்றார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன. மூடிகளைச் சுற்றி ஆசிட் ஈரம் கசிந்திருந்தது. ஒயரைப் பேட்டரி முனையோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதித்த பேட்டரி விடும் ஹைட்ரஜன் சல்பைடைத்தான் அவர் முட்டைத் தட்டுகளில் தேடிக்கொண்டிருந்தார்.

முந்தைய இரண்டு பேட்டரிகளையும் மாற்றச் சொன்னவர்கள் ஒரே சோதனையைத்தான் செய்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியின் கிளாம்ப்பைக் கழற்றினார்களாம்; வண்டி நிற்கவில்லையாம்; ஆகவே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் மட்டம் என்று முடிவு கட்டினார்களாம். இந்த மாதத்தில் இதே கதையோடு வந்த நான்காவது வண்டி இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் வேண்டும்; டைனமோ செத்திருந்தால் பேட்டரியைப் பிரித்ததும் எஞ்சின் நின்றுவிடும். அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனை ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும். டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது. எஞ்சினோடு சுற்றும் பம்ப்பே டீசலைச் செலுத்தும் பழைய வண்டிகள் பலவற்றில் டைனமோ ஒரு வோல்ட்கூடத் தராமல் கிடந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கணினி பார்த்து டீசலைப் பீய்ச்சும் புதிய காமன் ரெயில் வண்டியில் இஞ்செக்டருக்கும் கணினிப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் எஞ்சின் நிற்காததால் தெரியவருவது, டைனமோ ஏதோ கொஞ்சம் தருகிறது என்பது மட்டுமே. 14 வோல்ட் தருகிறதா, 17 தருகிறதா என்பதைக் கையில் கிளாம்ப்பைப் பிடித்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது. பேட்டரி கொதிக்கும் வண்டியில் நாம் அறிய வேண்டியதே அந்த எண்தான்.

பயனில்லாததோடு போகட்டும் என்றால், இது கேடும் செய்கிறது. சார்ஜ் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால், அந்த மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்ள ஆளில்லாமல், கண் இமைக்கும் நேரத்துக்கு வோல்ட்டேஜ் 100-ஐ நெருங்கும் அளவுக்குக்கூட எகிறக்கூடும். முதலில் அடிவாங்குவது டைனமோவின் டயோடும், அதன் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் கணினிப் பெட்டியும் சென்சார்களும் அந்த வரிசையில் நிற்கின்றன. அந்தப் பெட்டியின் விலைக்கு எத்தனை பேட்டரி வாங்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, கொதிக்கும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் நிற்கிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். கிளாம்ப்பைக் கழற்றும்போது தெறிக்கும் ஒரு பொறி போதும்.

மீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 10.5-ஐ ஒட்டிக் காட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் 6 அறைகளில் ஒன்று, அதாவது ஒரு செல், ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது டைனமோ ஒழுங்காக 14.2 தந்தாலும் 6 செல்லுக்கு உரியதை 5 செல்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் 2.8 வோல்ட்டுக்கு மேல் போய், அவை கொதிக்கும். அந்த ஒரு நிலையில் மட்டும் பேட்டரியைக் குறைசொன்னவர் சொன்னது சரி. அடுத்து எஞ்சினை ஓட்டி, ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்து, பேட்டரி முனையிலேயே அளக்க வேண்டும். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஓவர்சார்ஜ்தான். கணினி கட்டுப்படுத்தும் சில புதிய வண்டிகளில் வோல்ட்டேஜ் தானே ஏறி இறங்கும் என்பதால், ஒரு அளவை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் கொஞ்ச நேரம் பார்த்திருங்கள்.

முட்டை வண்டியில் 16.1 காட்டியது. டைனமோவின் பின்னால், பேட்டரி வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் சென்ஸ் ஒயரில் அளந்தேன்: 14.2. எங்கள் தொழிலில் கட்டவுட் என்று சொல்லும் அந்த ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. தன்னிடம் வந்த பொய்க் கணக்கை நம்பிக்கொண்டு பேட்டரிக்கு 1.9 வோல்ட்டைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறது. ஒயரைத் தொடர்ந்து போனால், எல்.இ.டி. பட்டைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் யாரோ அதே ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிக் கிளை எடுத்திருந்தார்கள். டேப்புக்குள் ஒயரின் முறுக்கு கறுத்துப்போயிருந்தது; அந்த 1.9 வோல்ட் தொலைந்தது அங்கேதான். கிளைகளைப் பிரித்துத் தனி ஃபியூஸில் கொடுத்து, சென்ஸ் ஒயரைப் புதிதாக இழுத்தபின் பேட்டரி முனையில் 14.3 வந்தது. அலங்கார விளக்கு மாட்டுகிறவர்களே, கைக்கு எட்டிய ஒயரில் எல்லாம் கிளை எடுக்காதீர்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு வந்திருந்தால் கட்டவுட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. அதன் சீல் போய் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் புது கட்டவுட்டைப் பூட்டுவது வீண் வேலை.

வண்டிக்காரர்கள் தயவுசெய்து கவனியுங்கள். மாதம் ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தாலும், ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆனாலும், மிதிக்க மிதிக்க வெளிச்சம் ஏறினாலும் அன்றே காட்டுங்கள். குறைந்திருக்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. செல்லுக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் ஆட்களை இன்றும் பார்க்கிறேன்; அவர்களைத் திட்டத்தான் செய்கிறேன். ஆசிட் கண்ணில் பட்டால் கசக்காமல், 20 நிமிடமாவது நீரூற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போங்கள்.

அந்த ஓட்டுநர் நான்காவது பேட்டரியும் வாங்க வேண்டியதாயிற்று. தகடு உதிர்ந்து உள்நீர் கறுத்திருந்ததைக் காட்டி, ஓவர்சார்ஜுக்கு வாரண்டி கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதில் அவர்கள்மீது தவறில்லை. இனி பேட்டரி மாற்றச் சொல்கிறவரிடம், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் என்று கேட்டு, அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.