டெலிரியம்: சால் விலகிய நினைவு

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு, அம்மா போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். "கன்றை அவிழ்த்துவிட்டாயா? பால் முழுவதையும் குடித்துவிடப் போகிறது" என்றார். எங்கள் வீட்டில் மாடு நின்று 40 ஆண்டுகளாகிவிட்டன. காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காபி கேட்டவர், இரவில் என்னைத் தன் தம்பி என்றார். "வயதானால் இப்படித்தான்" என்று பக்கத்துக் கட்டிலில் ஆறுதல் சொன்னார்கள். மருத்துவர் சொன்ன சொல் டெலிரியம்: உடல் கோளாறால் திடீரென்று மனம் தடுமாறும் நிலை.

இது இலத்தீன் சொல். 'டே' என்றால் விலகி; 'லிரா' என்றால் உழவுசால். ஏர் சாலை விட்டு விலகி ஓடுவதுதான் மூலப்பொருள். கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய ரோமானியர் செல்சஸ் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். படைச்சால் கோணினால் உழவர் மனம் படும் பாட்டை அறிந்த நமக்கு இந்த உவமை அந்நியமானதல்ல.

தமிழில் இதற்கு நெடுநாள் வழங்கிய சொல் சன்னி, பேச்சில் ஜன்னி. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைக் குறிக்கும் 'சன்னிபாதம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. "ஜன்னி கண்டு பிதற்றுகிறார்" என்பது பாட்டிமார் வாக்கு. ஆனால் இசிவு, வலிப்பு, பிரசவத்தில் வரும் கோளாறு என எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிச் சொல்லிப் பொருள் சிதறிவிட்டது. பிதற்றல் என்றால் பேச்சு மட்டும்தான் தெரிகிறது. எதுவும் பேசாமல், சாப்பிடாமல், அரைக்கண் மூடிச் சுருண்டு கிடப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். சத்தம் போடாததாலேயே அவர் கவனிப்பாரற்றுப் போகிறார். சித்தப்பிரமை என்றாலோ பைத்தியம் என்று குடும்பமே ஒடுங்கிவிடுகிறது.

டெலிரியத்துக்குத் தமிழில் என் தேர்வு: திடீர் நினைவுக் கலக்கம். நினைவு தப்பியது, நினைவு திரும்பியது என்கிறோமே, அந்த நினைவு. ஞாபகம் அல்ல. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊறுவது. இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்து, பகலில் தணிந்து இரவில் ஏறும். கலங்கிய கிணறு தெளியும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பலருக்குச் சில நாளில் தெளிகிறது. சிலருக்கு வாரங்கள் ஆகும். சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

கலக்கம் என்றதும் கலக்கியது எது என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் முக்கியம். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், அடங்காத வலி, கடுமையான வலிமருந்து, தூக்க மாத்திரை, மலச்சிக்கல், தூக்கமின்மை என்று காரணங்கள் பல. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். அம்மாவுக்கு ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. போதாக்குறைக்கு, அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். எதிரே நிற்பவர் முகம் அவருக்கு வெறும் நிழல். உப்பைச் சீர் செய்தார்கள். கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினோம். பகலில் ஜன்னல் திரையைத் திறந்துவைத்தோம். இரவில் விளக்கைத் தணித்து, முறை வைத்து யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தோம். ஐந்தாம் நாள் கன்றுக்குட்டி வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், "வயதாகிவிட்டது" என்று தொடங்காதீர்கள். பணியிலிருக்கும் மருத்துவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நேற்றுவரை தெளிவாக இருந்தார், இன்று திடீரென்று நினைவு கலங்கியிருக்கிறது."