துத்தநாகத்தின் இடத்தில் காரீயம்

“எங்கள் வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்கிறார்களே, எடைக்குப் போட்டுவிடலாமா?” என்று மதுரை செல்லூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு உலோகங்களுக்கும் ஈயம் என்றே சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. ரசச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். மூளையைக் கெடுப்பது காரீயம். பேட்டரியில் இருக்கும் லெட். சுத்தமான வெள்ளீயத்தால் பயமில்லை, வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதைத் தவிர. ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதனால் கலப்படத்துக்குக் கை நீளும். கலந்துவிட்டால், கொதிக்கும் புளித்தண்ணீர் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும்.

குடலில் இரும்புச்சத்தை உள்ளே இழுக்கும் புரதம் ஆள் தெரியாமல் காரீயத்தையும் இழுத்துவிடுகிறது. விழுங்கியதில் பெரியவர்களுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்கிறது என்றால், சிறு குழந்தைகளுக்குப் பாதி வரை சேரும். ரத்தசோகைக் குழந்தைக்கு இன்னும் மோசம். இரும்பு போதாத உடல் அந்தக் கதவுகளை அதிகமாகத் திறந்து வைத்திருக்கும்.

உள்ளே போய் என்ன செய்கிறது என்பதில்தான் வேடிக்கை. சிவப்பணுவுக்கு நிறம் தரும் ஹீம், அமினோலெவுலினிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறு எட்டைக் கோத்துச் செய்வது. முதலில் அவற்றை இரண்டிரண்டாக இணைக்க வேண்டும். அந்த வேலைக்கு அலாட் என்றொரு நொதி. அதில் வேலை நடக்கும் ஒவ்வொரு மையத்திலும் ஒரு துத்தநாக அணு. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் மூன்று கந்தகங்கள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். மூன்று கல் கூட்டிய அடுப்பில் பானை உட்கார்ந்திருப்பது போல. பானையின் வாய், அதாவது நான்காவது பக்கம், திறந்திருக்கும். மூலப்பொருள் வந்து ஒட்டுவது அங்கேதான்.

காரீயத்துக்குக் கந்தகத்தின் மேல் தனிப் பிரியம். மண்ணுக்குள்ளும் அது பெரும்பாலும் கலீனா என்ற காரீய சல்பைடாகத்தான் கிடக்கிறது. மூன்று கந்தகங்கள் கூடியிருக்கும் இடத்தைப் பார்த்தால் விடுமா? துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். சரி, உட்கார்ந்த பிறகாவது அந்த வேலையைப் பார்க்குமா என்றால், முடியாது. காரீய அணுவின் வெளிக்கூட்டில் எந்தப் பிணைப்பிலும் சேராத எலக்ட்ரான் ஜோடி ஒன்று உண்டு. அது சரியாக நான்காவது பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். வாயில் மூடியைப் பற்றவைத்த பானை! கல்லில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அரிசி போட வழியில்லை. நொதி கரையவுமில்லை, உடையவுமில்லை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராம் காரீயம் சேர்வதற்கு முன்பே அதன் வேலை குறையத் தொடங்கிவிடும்.

செலவாகாத மூலப்பொருள் ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரிலும் வழியும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் சாயல் அதற்கு இருப்பதால், நரம்புத் தொல்லைகளில் அதற்கும் பங்குண்டு என்று கருதுகிறார்கள்.

ஹீமைச் செய்யும் கடைசிப் படியில், கோத்து முடித்த வளையத்துக்குள் இரும்பை வைக்க வேண்டும். அதையும் காரீயம் கெடுக்கிறது. இரும்பு வராத வளையத்துக்குள் துத்தநாகம் ஏறிவிடும். அங்கே விரட்டப்பட்ட இனம் இங்கே இடம்பிடித்துக்கொள்கிறது! இந்தத் துத்தநாக வளையம் ஊதா ஒளி பட்டால் செம்மஞ்சளாக ஒளிரும். சிவப்பணு 120 நாள் வாழ்வதால், முந்தைய மாதங்களின் கதையை ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும். ஆனால் வெறும் இரும்புக் குறைவிலும் இது ஒளிரும். காரீயம் கொஞ்சமாக இருந்தால் காட்டிக்கொடுக்காது. காரீயத்தையே நேராக அளப்பதுதான் சரி. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலின் தூசியிலுள்ள காரீயமும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். முழங்கை மடிப்பில் ரத்தக்குழாயிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும் நாட்டில் இந்தச் சோதனைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன என்பது என் கட்சி.

கொத்தமல்லிச் சாறு உலோகத்தை இறக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். டாக்டர்கள் கொடுக்கும் சக்சிமர் மருந்தில் இரண்டு கந்தகங்கள் இருக்கின்றன. காரீயத்தின் பிரியத்தையே தூண்டிலாக்கிச் சிறுநீரில் இழுத்துவிடும். அதுவும் அளவு மிகக் கூடினால்தான்.

இனி சொம்பு. முதலில் எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, அடியைத் தொடாமல், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் எடையை வகுத்தால் அடர்த்தி. வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. 730 கிராம் சொம்பு 100 காட்டினால் நல்லது. 86 காட்டினால் பற்றவைக்கும் சால்டர் ஈயம் போல நாற்பது சதவீதம் காரீயம். ஐந்து சதவீதக் கலப்புக்கு 98 என்று வரும், வீட்டுத் தராசு இதை நம்பிச் சொல்லாது. தெற்காவணி மூல வீதிப் பக்கம் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினில் வைத்துப் பார்க்கலாம். காரீயத்தையும் காட்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்பாகம், கழுத்து, பற்றவைத்த இடம் என மூன்று இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். பற்றில் மட்டும் காரீயம் ஒளிந்திருக்கலாம்.