சிலிண்டர் சுவரில் ஏன் கீறல் போடுகிறார்கள்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் மோட்டார் சைக்கிள் நீலப் புகை விடத் தொடங்கியதால் இன்ஜினைப் பிரித்தோம். ஜே.சி. ரோடு அருகே ஒரு லேத் பட்டறையில் சிலிண்டரை ரீபோர் செய்தபோது நானும் கூடவே நின்றேன். போரிங் முடிந்ததும் உட்சுவர் பளபளவென்று இருந்தது. பிறகு கல் பொருத்திய ஒரு கருவியை உள்ளே விட்டுச் சுழற்றி, அந்தப் பளபளப்பைக் கெடுத்துச் சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டார்கள். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடத்தில் எதற்காக இந்தக் கீறல்?"

இன்ஜின் வேலையில் இதைவிடச் சிறந்த கேள்வி ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தேய்ந்த இன்ஜினைக் கட்டுவது என்றால் புதுப் பிஸ்டனும், அதைச் சுற்றி காடிகளில் பொருந்தும் வளையமான புது ரிங்கும் வாங்கிப் போடுவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த இன்ஜின் பல ஆண்டுகள் உழைக்குமா, சில மாதங்களிலேயே மறுபடி ஆயில் குடிக்கத் தொடங்குமா என்பதில் பெரும்பங்கு வகிப்பவை வாசகர் பார்த்த அந்தக் கீறல்கள்தான்.

நான்கு வீச்சு இன்ஜின் இயங்கும் முறையைப் பள்ளியிலேயே படித்திருப்போம், அதை விட்டுவிடலாம். நீலப் புகை என்றால் எரியும் அறைக்குள் ஆயில் நுழைந்து எரிகிறது என்று பொருள். அது மேலே, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு வழியாக வரலாம், கீழே ரிங்கைத் தாண்டியும் வரலாம். எந்த வழி என்று கண்டறிய, அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அழுத்தத்தை அளப்பார். பிறகு ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடியும் அளப்பார். அழுத்தம் கணிசமாக ஏறினால், ஊற்றிய ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைத்துவிட்டது, ஆகவே தேய்மானம் அங்கேதான் இருக்கிறது என்று தெளிவாகிவிடும். எரிந்த வாயு கீழே கிராங்க் கேஸுக்குள் கசிந்து ஆயில் மூடி வழியே புகையாக வருவதைப் பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அதுவும் இதே நோயின் மற்றோர் அறிகுறி.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு திசைகளிலும் அளந்து பார்த்தால், மேல் ரிங் சென்று நின்று திரும்புகிற இடத்தில்தான் குழி மிகுதியாக இருக்கும். பிஸ்டனின் வீச்சு 60 மி.மீ. என்றும் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுழல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டர். இவ்வளவு விரைவாக ஓடும் நடுப்பகுதியில் தேய்மானம் குறைவு. நொடிக்கு 200 முறை அது முற்றிலும் நின்று திரும்புகிற இரு முனைகளில்தான், அதிலும் மேல் முனையில்தான், உலோகம் அழிகிறது.

வேகமாக உராயும் இடம் தேயாமல், நிற்கும் இடம் தேய்வது ஏன்? இதற்கான விடை 1883-இல் இங்கிலாந்தில் பீசாம்ப் டவர் என்ற பொறியாளர் செய்த சோதனைகளில் தொடங்குகிறது. ரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளை ஆராய்ந்தபோது, ஆயில் ஊற்றுவதற்காக அவர் மேலே போட்டிருந்த துளையை மரக்கட்டையால் அடைத்தார். அச்சு சுழலத் தொடங்கியதும் கீழிருந்து வந்த ஆயில் அந்தக் கட்டையை வெளியே தள்ளிவிட்டது. ஆயிலுக்குள் எங்கிருந்தோ பெரும் அழுத்தம் பிறந்திருந்தது. எங்கிருந்து என்பதை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். இரண்டு பரப்புகளுக்கு இடையே குறுகிக்கொண்டே போகும் இடைவெளி இருந்து, அவற்றில் ஒன்று நகர்ந்தால், அது தன்மீது ஒட்டியிருக்கும் ஆயிலையும் அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்கப்படும் ஆயில் தானே அழுத்தம் பெற்று இரு பரப்புகளையும் தொடவிடாமல் பிரித்து நிறுத்துகிறது. பிஸ்டன் ரிங்கின் முகம் பல இன்ஜின்களில் சற்றே புடைத்த வளைவாகக் கடையப்படுவதற்குக் காரணம் இதுதான். மேலே போனாலும் கீழே வந்தாலும் அதன் முன்விளிம்பில் ஒரு குறுகல் கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வேகம் தேவை. வேகம் இல்லையென்றால் அழுத்தமும் இல்லை. மேல் முனையில் பிஸ்டன் நின்று திரும்பும் அதே வேளையில்தான் பெட்ரோல் பற்றி எரிந்து வாயுவின் அழுத்தம் உச்சத்தை நெருங்குகிறது. அந்த வாயு ரிங்கின் பின்புறக் காடிக்குள் புகுந்து ரிங்கைச் சுவரோடு வைத்து அழுத்துகிறது. சூட்டில் ஆயிலும் நீர்த்துப்போகிறது. ஆயில் படலம் மிகமிக மெலிந்திருக்கும் இந்தக் கணத்தில், காற்று வடிகட்டியைத் தாண்டி நுழைந்த மணல் தூசி ஒன்று மாட்டினால் அது வார்ப்பிரும்பைச் சுரண்டிக்கொண்டே போகும். மணலில் உள்ள சிலிக்கா, வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. மெட்ரோ தூண்களுக்காகச் சாலைகளை ஆண்டுக்கணக்காகத் தோண்டி வைத்திருக்கும் பெங்களூரில், சில நூறு ரூபாய் விலையுள்ள காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாதவர்கள் அதற்கான விலையைச் சிலிண்டரில் கொடுக்கிறார்கள்.

தேய்ந்து கூம்பாகவும் நீள்வட்டமாகவும் மாறிவிட்ட துளையை மறுபடி சீரான வட்டமாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சுள்ள சிலிண்டர்களுக்கு இது பொருந்தாது. மாலே நிறுவனம் 1967-இல் உருவாக்கிய அத்தகைய பூச்சு மிகமிக மெல்லியது. அதைக் கடைந்தால் உள்ளே இருக்கும் அலுமினியம் வெளிப்பட்டுவிடும். நம் வாசகருடையது வார்ப்பிரும்பு லைனர் (சிலிண்டரின் உட்குழல்) என்பதால் ரீபோர் செய்ய முடிந்திருக்கிறது.

போரிங் கருவி விட்டுச்செல்லும் பரப்பு கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் உலோகம் பிய்ந்து சிதைந்த சுருள் வரிகள் நிறைந்திருக்கும். ஆகவே கடைசி 0.05 மி.மீ. அளவைக் கடையாமல் விட்டுவைத்து, அதை ஹோனிங் கல்லால் எடுப்பார்கள். வாசகர் கண்டது இந்தக் கட்டத்தைத்தான். முதலில் சொரசொரப்பான கல் ஆழமான கீறல்களைப் போடுகிறது; பிறகு நுண்மையான கல் சில வீச்சுகள் மட்டும் ஓடி, கீறல்களுக்கு இடையே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைகளை மட்டம் தட்டுகிறது. முடிவில் கிடைப்பது, வாய்க்கால்கள் ஓடும் ஒரு மேட்டு நிலம். மேட்டின் தட்டையான பரப்பு ரிங்கைத் தாங்குகிறது. சில மைக்ரோமீட்டர் ஆழமே உள்ள வாய்க்கால்களில் ஆயில் தேங்குகிறது. வேகம் செத்துப்போகும் அந்த முனையில் ரிங்குக்குத் தேவைப்படும் ஆயிலை அவை அங்கேயே சேமித்து வைத்திருக்கின்றன. முழுக்க வழவழப்பான சுவரில் ஆயில் நிற்க இடமில்லை. ரிங் அதை வழித்தெடுத்துவிடும், பிறகு உலோகம் உலோகத்தோடு நேராக உரசும். வார்ப்பிரும்பின் உள்ளேயே கிராஃபைட் செதில்கள் கலந்திருப்பது இதற்குக் கூடுதல் துணை.

கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கருவி சுழன்றுகொண்டே மேலும் கீழும் போய்வருவதால், ஏறும்போது ஒரு திசையிலும் இறங்கும்போது எதிர்த்திசையிலும் கீறல் விழுகிறது. சுவரின்மேல் கல் சுற்றும் வேகத்தில் சரிபாதி வேகத்தில் அதை ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு கீறலும் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருக்கும். இரண்டும் வெட்டும் கோணம் 53 பாகை. வழக்கமாக விரும்பப்படும் 45 முதல் 60 பாகைக்குள் இது அடங்குகிறது. செங்குத்தாகப் போனால் ஆயில் விரைவாகக் கீழே வடிந்துவிடும். மிகவும் படுக்கையாகப் போனால், ரிங் வழிக்க முடியாத ஆயில் சுவரிலேயே தங்கி எரிந்துபோகும். இன்னொன்றும் எனக்கு வியப்பளிக்கிறது: ரிங் தன் காடிக்குள் ஒரே நிலையில் நிற்பதில்லை, சாய்ந்த கீறல்கள் அதை மெல்ல மெல்லச் சுற்றவும் செய்கின்றன. சிறு பட்டறையில் கை டிரில்லில் ஹோனிங் கருவியை மாட்டி வேலை செய்பவர், எந்தச் சூத்திரமும் எழுதாமல், தன் கையின் தாளத்தாலேயே இந்தக் கோணத்தைக் காப்பாற்றுகிறார். கை ஏற்றி இறக்கும் வேகம் தளர்ந்தால் கோணம் உடனே படுத்துவிடும்.

கோணத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆழத்தைப் பார்க்க முடியாது. நுண்ணிய ஊசியைச் சுவரின்மீது ஓட்டி, அதன் ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்யும் கருவிகள் உண்டு. அவை முதலில் தரும் எண் சராசரிச் சொரசொரப்பு. சிலிண்டர் சுவருக்கு அந்த எண் மட்டும் போதாது. தட்டையான மேட்டில் ஆழமான வாய்க்கால்கள் வெட்டிய பரப்பையும், அதையே தலைகீழாகக் கவிழ்த்து, தட்டையான தரையில் கூர்முனைகள் நிற்கும் பரப்பாக்கினால் கிடைப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டின் சராசரியும் ஒன்றே. முன்னது இன்ஜினைக் காப்பாற்றும். பின்னது ரிங்கை அராவித் தின்றுவிடும். 1933-இல் அபட், ஃபயர்ஸ்டோன் என்ற இருவர் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார்கள். பரப்பின் உச்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மட்டத்திலும் அதைக் கிடைமட்டமாக வெட்டுவதாகக் கற்பனை செய்து, அந்த மட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உலோகம் இருக்கிறது என்பதைக் கோடாக வரைந்தார்கள். கோடு தொடக்கத்தில் செங்குத்தாக விழும் பகுதி கூர்முனைகளைக் காட்டுகிறது. சாய்ந்து செல்லும் நடுப்பகுதி சுமை தாங்கும் மேட்டைக் காட்டுகிறது. முடிவில் மறுபடி விழும் பகுதி ஆயில் தேங்கும் வாய்க்கால்களைக் காட்டுகிறது. ஒரே வளைகோட்டில் ஒரு சிலிண்டரின் எதிர்காலத்தைப் படித்துவிடலாம் என்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை மகிழ்விக்கிறது.

இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். 1966-இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் ஒரு குழு தயாரித்த அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் பற்றிய அறிவை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று மதிப்பிட்டது. நம் நாட்டில் தேய்மானத்தோடு அன்றாடம் போராடுபவர்கள் சிறு பட்டறைக்காரர்கள்தான். பெங்களூரில் 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது; உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கென்றே 1962 முதல் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் துமகூரு சாலையில் இயங்குகிறது. ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும், பீன்யா, கலாசிபாளையம் போன்ற பகுதிகளில் ஹோனிங் செய்த சிலிண்டரைச் சிறு கட்டணத்துக்கு அளந்து சொல்லும் பொது அளவைக் கூடங்களுக்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கைத்திறன் நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்தத் திறனுக்கு உடனுக்குடன் பதில் சொல்லும் எண்தான் அதற்குக் கிடைக்கவில்லை.

ஹோனிங் முடிந்த சிலிண்டரைக் கழுவுவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். கல்லிலிருந்து உதிர்ந்த துகள்கள் அந்த வாய்க்கால்களுக்குள்ளேயே சிக்கியிருக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றித் துடைத்தால் அவை முழுதும் வெளிவருவதில்லை. சோப்பும் வெந்நீரும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, துணியில் சாம்பல் நிறம் படிவது நிற்கும் வரையில் கழுவுவதைத் திரும்பச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு உடனே துருப்பிடிக்கும் என்பதால், உலர்த்திய கையோடு ஆயில் பூசிவிட வேண்டும்.

அடுத்தது ரன்னிங் இன், அதாவது புதிதாகக் கட்டிய இன்ஜினைப் பதமாக ஓட்டிப் பழக்குவது. புதிதாகக் கட்டிய வண்டியை எடுக்கும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதால் இன்ஜினுக்கு எந்தக் கேடும் இல்லை. இரவு முழுக்க ஐடிலில் ஓடவிட்டால் ரிங் செட் ஆகிவிடும் என்று பட்டறைகளில் நிலவும் நம்பிக்கையால் நிச்சயம் கேடு உண்டு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் அதன் சொந்த இழுவிசையின் பங்கு சிறியது. பெரும்பங்கு அதன் பின்னால் நுழையும் வாயுவுடையது. ஐடிலில் வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. அதனால் மிச்சமிருக்கும் நுண்முனைகள் தேய்ந்து ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்குப் பதிலாக, வழிக்கப்படாத ஆயில் சூட்டில் வெந்து வார்னிஷாகி, அரும்பாடுபட்டுப் போட்ட வாய்க்கால்களை மூடிவிடுகிறது. பிறகு சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங் செய்து ரிங் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே இன்ஜின் சூடேறியதும் வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று நின்று போவதைத் தவிர்த்து, அதிகாலையில் கனகபுரா சாலை போன்ற, ஏற்ற இறக்கம் உள்ள வழியில், நடுத்தரச் சுமையோடு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். முழுத் திராட்டில் வேண்டாம், நீண்ட நேரம் ஒரே வேகமும் வேண்டாம். தேய்ந்து உதிரும் உலோகத் துகள்கள் முதல் ஆயிலில்தான் மிகுதியாகச் சேரும். அதை ஓரிரு நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிட்டுப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறையும் அளவு மெல்லச் சிறுத்து ஒரு நிலைக்கு வந்தால் ரிங் பொருந்திவிட்டது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும், இறக்கத்தில் திராட்டிலை விட்டுவிட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால், சிலிண்டரை மறுபடி பிரிக்கச் சொல்வதற்கு முன், ஹெட்டைக் கழற்றி வால்வு கைடுகளையும் அவற்றின் சீல்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.