அமீரகத்தில் மதிய வேலைத் தடை: 12.30 முதல் 3 வரை என்ன நடக்க வேண்டும்?

ஜூலை மாதத்து மத்தியானத்தில், துபாய் சைட்டில் கிடக்கும் கம்பியைக் கையுறை இல்லாமல் ஒரு தடவை தொட்டவருக்கு இந்த விதி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி கட்ட, சட்டரிங் அடிக்க, சாரம் ஏற என்று போன நம் ஊர்க்காரர்கள் அங்கே ஏராளம். மதியம் வேலை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். விதியில் அதற்கு மேலும் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, நேர் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பலர் ஏமாறுவது வேலை நேரக் கணக்கில்தான். காலையும் மாலையும் சேர்த்து 8 மணி நேரம்தான் வேலை. காலை 7.30-க்கு ஏறி 12.30-க்கு இறங்கினால் 5 மணி நேரம். 3 மணிக்குத் திரும்ப ஏறினால் 6 மணியோடு முடிந்தது. "மத்தியானம் படுத்துக் கிடந்தாயே" என்று ஃபோர்மேன் 7 மணி வரை நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரம் ஓவர்டைம். அடிப்படைச் சம்பளக் கணக்கில் குறைந்தது 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும்.

ஓய்வெடுக்க இடம் தருவதும் கம்பெனியின் பொறுப்பு. நிழல், ஃபேனோ கூலரோ, குளிர்ந்த குடிநீர், உப்புச்சத்துள்ள பானம், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்க வேண்டும். சிமெண்ட் மூட்டை அடுக்கின் ஓரத்தில் அட்டையை விரித்துப் படுக்கச் சொல்வது இதில் சேராது.

விலக்கும் உண்டு. பாதியில் நிறுத்த முடியாத கான்கிரீட், தார் போடும் வேலை, குடிநீர், மின்சாரம் அறுந்தால் செய்யும் அவசரப் பழுது போன்றவை. அப்போதும் தண்ணீரும் நிழலும் கட்டாயம். பூச்சு வேலையை 'அவசரம்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் வீதம் கம்பெனிக்கு அபராதம், உச்சவரம்பு 50,000. அதாவது பத்து பேரை நிறுத்தினாலும் நூறு பேரை நிறுத்தினாலும் ஒரே தொகை. பெரிய கம்பெனிக்கு இது டீச் செலவு என்பது என் எண்ணம்.

இன்னொரு குறை, இந்த விதி கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. ஆகஸ்டில் ஈரப்பதம் ஏறி, காலை 10 மணிக்கே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், ஆனால் 12.30 ஆகவில்லையே! கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. அதோடு வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் கருவி 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை தடை.

அமீரகத்தில் புகார் சொல்ல மனிதவள அமைச்சகத்தின் எண் 600590000. இந்தியத் தொழிலாளர்களுக்கு இந்தியத் தூதரகத்தின் உதவி மையமும் உண்டு: 80046342. சைட் இருக்கும் இடம், தேதி, நேரம் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். கோபத்தில் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள்; அந்த ஊர்ச் சட்டத்தில் அது தனி வம்பு.