பெட்ரோலில் தண்ணி இல்லை, அண்ணாச்சி

"பெட்ரோலில் தண்ணி" என்ற புகாரோடு இந்தச் சாரல் சீசனில் என் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒன்பதாவது வண்டி இது. கேரள எல்லைக்குள் ஆரியங்காவு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற பெரியவர் ஒருவர் தன் 2006 மாடல் நூறு சிசி பைக்கோடு வந்து நின்றார். கோட்டைவாசல் கிட்ட எஞ்சின் ஆஃப். புளியரை எஸ் வளைவு இறக்கம் முழுக்க நியூட்ரலில் உருட்டி, சமதளம் வந்ததும் செங்கோட்டை வரை தள்ளியே வந்திருக்கிறார். ஸ்டாண்டு போடும்போதே ஆரம்பித்துவிட்டார்: "அண்ணாச்சி, பங்க்ல பெட்ரோல்ல தண்ணியக் கலந்துட்டானுவ. ஆதாரம் வச்சிருக்கேன்."

ஆதாரம் என்பது அவர் மகன் போனில் அனுப்பிய வீடியோ. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் முதலில் பார்த்தது டியூப்பை. டாங்கிலிருந்து கார்பரேட்டருக்கு வருவது கம்பெனி போட்ட கறுப்பு டியூப் இல்லை. எப்போதோ யாரோ மீட்டர் கணக்கில் வாங்கிச் சொருகிய வெள்ளை பிளாஸ்டிக் டியூப். இப்போது அது டீக்கறை நிறத்துக்கு மாறி, விரலால் வளைத்தால் ஓலை மாதிரி மடிகிறது. காக் பக்கம், அதாவது டாங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு பக்கம், ஒரு வெடிப்பு. அதிலிருந்து சொட்டு சொட்டாகச் சிலிண்டர் ஹெட் மேல் பெட்ரோல். இந்த வண்டியில்தான் வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறார். தீப்பிடிக்காதது அவர் வீட்டுச் சாமி புண்ணியம்.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணமான ஃப்ளோட் கப்பைக் கழற்றினால் அடியில் செம்மண் குழம்பு மாதிரி ஒரு வண்டல். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட் துவாரத்தில் வெளிச்சமே தெரியவில்லை. பெட்ரோல் வரத்தை அடைத்துத் திறக்கும் நீடில் முனையில் இருக்கும் ரப்பர் ஊறி உப்பியிருந்தது. "இதுதான் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் செய்த வேலை" என்றேன். ரப்பர் வெட்டுகிறவருக்கு நான் ரப்பர் பாடம் எடுக்கிறேன் பாருங்கள். அவர் சிரித்துவிட்டார். "எங்க ரப்பர் பெட்ரோல்ல போட்டா கரையும்னு எனக்குத் தெரியாதா? பஞ்சர் ஒட்டுற சொல்யூஷனே அப்படித்தானே!" சரிதான். அதனால்தான் பெட்ரோல் டியூப்பை வேறு வகை ரப்பரில் செய்தார்கள். சாதா பெட்ரோலுக்கு அது பல வருஷம் தாங்கியது. எத்தனால் சேர்ந்ததும் பழைய ரப்பர் உப்புகிறது, அல்லது காய்ந்து வெடிக்கிறது. பிளாஸ்டிக் டியூப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது அந்த வீடியோ. இந்த வருஷம் மட்டும் இதை எனக்கு எத்தனை பேர் காட்டியிருப்பார்கள் என்று கணக்கில்லை. பாட்டிலில் பெட்ரோல் பிடிக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கிறார்கள். அடியில் தேங்கும் தண்ணீர், ஊற்றியதைவிட அதிகமாக இருக்கிறது. "பாருங்கள் மக்களே, பெட்ரோலில் தண்ணீர்!" என்று குரல் உடைகிறது.

பெரியவர் முன்னாலேயே செய்து காட்டினேன். என் பேரன் பால் குடித்துத் தள்ளிவைத்த ஃபீடிங் பாட்டில் கடையில் கிடக்கிறது. மில்லி கோடு போட்டது, இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. 100 மில்லி பெட்ரோல், அதன்மேல் 20 மில்லி குடிதண்ணீர். குலுக்கிப் பத்து நிமிஷம் அப்படியே வைத்தோம். கீழே கிட்டத்தட்ட 40 மில்லிக்குக் கோடு விழுந்தது. மேலே மிச்சம் 80. ஊற்றிய தண்ணீர் 20தான், நீங்கள் பார்க்கத்தான் ஊற்றினேன். மீதி 20 என்ன? பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால். அதற்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல்தான் பிரியம் அதிகம். தண்ணீரைக் கண்டதும் கட்சி மாறிக் கீழே இறங்கிவிட்டது. சாராயத்தில் சோடா ஊற்றினால் தனித்தனியாகவா நிற்கிறது? அதே சரக்குதான் இது. அந்தக் கோடு நிரூபிப்பது ஒன்றே ஒன்று: பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது ரகசியமே இல்லை, அரசாங்கமே சொல்லிவிட்டுச் செய்வது. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில் தொடங்கினார்கள். 2022 ஜூனில் நாடு முழுக்க 10 ஆனது, 2025-ல் 20.

உண்மையிலேயே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? தயவுசெய்து நீங்கள் தண்ணீர் ஊற்றாதீர்கள். டாங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து, எதையும் சேர்க்காமல் வையுங்கள். தானாகக் கோடு விழுந்தால் தண்ணீர் இருக்கிறது. அது பங்கின் தொட்டியிலிருந்தும் வரலாம், மறுக்கவில்லை. ஒரே நாளில் ஒரே பங்கில் போட்ட நாலைந்து வண்டி வரிசையாக வந்தால் நானும் அப்படித்தான் சந்தேகப்படுவேன். ஆனால் தனியாக ஒரு வண்டி வந்தால் என் கை முதலில் போவது டாங்க் மூடிக்கு. மூடி வாஷர் காய்ந்து, சாவித் துவாரத்து மூடாப்பு உடைந்து, மழையில் நின்ற வண்டி. பெரியவர் வண்டியும் அப்படித்தான். இடவப்பாதி மழை தொடங்கியதிலிருந்து ராத்திரி முழுக்க எஸ்டேட் லயத்து வாசலில் நனைகிறது.

கொஞ்சம் ஈரத்தை எத்தனால் தன்னோடு கரைத்து எஞ்சினுக்குக் கொண்டுபோய் எரித்துவிடும், அதனால் கேடில்லை. அளவு மீறினால்தான் வில்லங்கம். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். பெட்ரோல் காக் உறிஞ்சுவது எங்கிருந்து? அடியிலிருந்துதானே.

எல்லையில் இருப்பதால் இன்னொரு கூத்தும் பார்க்கிறேன். புனலூர்க்காரர்கள், "தமிழ்நாட்டுப் பெட்ரோல் விலை குறைவு, அதான் கலப்படம்" என்கிறார்கள். நம்மவர்கள், "கேரளாவில் விலை ஜாஸ்தி, அதான் சுத்தம்" என்று ஆரியங்காவு வரை போய் நிரப்புகிறார்கள். விலை வித்தியாசம் வரியில் வருவது. கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஒரே இ20தான். விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் என்பதற்காக அதில் எத்தனால் இருக்காது என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மைலேஜ் குறைகிறதா? குறையும், நான் மழுப்பவில்லை. எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்த வண்டிகளில் இ20 போட்டால் இருசக்கர வண்டிக்கு 3 முதல் 4 சதவீதமும், காருக்கு 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்று சொல்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடவே போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் "60 கொடுத்த வண்டி 40 கொடுக்கிறது" என்று வந்தால், ஐயா, அது எத்தனால் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை டியூப் ஒழுகும். பழியைப் போட இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கும் கோபம் இல்லாமல் இல்லை. இ20 தாங்கும் ரப்பரும் உலோகமும் போட்டு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலான பங்குகளில் வேறு பெட்ரோல் கேட்க வழியில்லை. அந்தச் செலவு ரப்பர் வெட்டுகிறவர் தலையில் விழுகிறது. சரி, விழுந்துவிட்டது. குறைந்த செலவில் எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

டியூப், காக் வாஷர், ஃப்ளோட் கப் ஓ-ரிங், நீடில், டாங்க் மூடி வாஷர். எல்லாமே சின்னச் சாமான்கள். இ20க்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள், சைக்கிள் கடை டியூப் வேண்டாம். பெட்ரோல் ஃபில்டரை மாற்றிய பிறகு, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவையும் மாற்றுங்கள். இருபது வருஷமாக டாங்கில் ஒட்டியிருந்த பிசினை எத்தனால் கழுவி இறக்கிக்கொண்டே இருக்கும். பழைய கார்பரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ஏசி பம்ப்பின் டயாஃப்ரத்தையும், அதாவது உள்ளே இருக்கும் சவ்வையும், சேர்த்துப் பாருங்கள். அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும்.

அப்புறம் டியூனிங். எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைவான காற்று போதும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே காற்று விடும். அதனால்தான் மேட்டில் இழுவை இல்லை, காலையில் சோக் இல்லாமல் எழுந்திருக்காது. ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பி, தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் கூட்டலாம். சில கார்பரேட்டரில் அந்தத் திருகு நேர்மாறாக வேலை செய்யும், எனவே யூடியூப் பார்த்து நீங்களே திருகாதீர்கள். டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வைத்திருப்பவர்களே, "எஞ்சினுக்குப் பாதுகாப்பு" என்று 2டி ஆயிலைக் கூட்டி ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே ஜெட்டில் இறங்கும் பெட்ரோல் இன்னும் குறையும், பிஸ்டன் இன்னும் சூடாகும். பத்து ரூபாய் பாக்கெட்டில் விற்கும் "எத்தனால் எடுக்கும்" மருந்தும் வேண்டாம். பெட்ரோலிலிருந்து எத்தனாலைப் பிரித்தால் அது எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது நிறுத்தி வைக்கும் வண்டிகளைப் பற்றி. தினமும் ஓடும் வண்டியில் எத்தனால் பெரிய வம்பு செய்வதில்லை. டாங்க் காலியாகிப் புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பாதி டாங்க் பெட்ரோலோடு வண்டியைத் தார்ப்பாயில் மூடிவிட்டுப் போகிறீர்களே, அதுதான் அநியாயம். காலியாக இருக்கிற மேல்பாதியில் ஈரக்காற்று நிற்கும். ஒரு மாதம் என்றால் டாங்கை நிரப்பி மூடுங்கள். அதற்கு மேல் என்றால் முழுக்க வடித்து, பெட்ரோல் காக்கை மூடி, கார்பரேட்டர் காயும்வரை எஞ்சினை ஓடவிட்டு, டாங்குக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றிச் சுழற்றிவிட்டுப் போங்கள். அரை மணி நேர வேலை.

பெரியவர் வண்டி சாயங்காலமே கிளம்பிவிட்டது. பழைய டியூப்பைக் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டார், மகனுக்குக் காட்டவாம். மூலையில் இன்னொன்று நிற்கிறது. தென்மலைப் பையன், துபாயில் வேலை, பழைய டூ ஸ்ட்ரோக் பைக், பதினான்கு மாதம் ஷெட்டில் நின்றது. ஃப்ளோட் கப்பின் உள்பக்கம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாக அரித்திருக்கிறது. டாங்குக்குள் சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துரு எடுத்துக்கொண்டிருக்கிறேன். தையில் வருகிறானாம்.