ஊறிப்போன குளியலறைச் சுவர்: வாட்டர்புரூஃப் டின் வாங்க முதல் இதைப் படியுங்கள்

கொழும்பில் சின்னச் சின்ன வீட்டுத் திருத்த வேலைகளை எடுத்துச் செய்கிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கே போனாலும் காதில் விழுகிற வசனம் இதுதான்: "தம்பி, வாட்டர்புரூஃப் டின் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன், அதை அடிச்சு விடுங்கோ, காணும்." டின்னில் குறை இருக்காது. ஆனால் சுவர் உள்ளுக்குள் பொருபொருத்து, உப்புப் பூத்து, விரலால் சுரண்டினாலே கொட்டும் நிலையில் இருக்கும்போது எவ்வளவு விலையான கோட்டிங் அடித்தாலும் அது அந்தத் தூளில்தான் ஒட்டும். மழைக்காலம் ஒன்று வந்து போனதும் பாளம் பாளமாகக் கழன்று வரும். இப்படி இரண்டாவது தடவையும் செலவழிப்பவர்களில் பெரும்பாலானோர் கையில் காசு குறைவாக உள்ளவர்கள்தான், அதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள், இதற்கு ஒரு சதமும் தேவையில்லை. எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சரி, ஆனால் இங்கே பல வீடுகளில் தண்ணீர் மேலே டாங்கிக்கு ஏறி அங்கிருந்துதான் குளியலறைக்கு இறங்குகிறது, அப்படிப்பட்ட வீட்டில் மீட்டர் டாங்கி வரைக்குமான பைப்பைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஆகவே இரவில் டாங்கியை நிரப்பி, அதற்குத் தண்ணீர் வருகிற வால்வைப் பூட்டி, மட்டத்தை அடையாளம் வைத்துவிட்டு, விடிந்ததும் யாரும் குழாயைத் திறக்க முதல் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் போகிற பைப்பைச் சந்தேகப்படலாம் (கொமட்டின் ஃப்ளஷ் தொட்டி, அதாவது சிஸ்டன், ஒழுகினாலும் மட்டம் இறங்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்). மட்டம் அப்படியே இருந்து, குளித்த பிறகு மட்டும் பக்கத்து அறைச் சுவரில் ஈரம் கூடினால் டைல் இடுக்கு, தரை மூலை, கழிவு பைப், இந்த மூன்றில் ஒன்று. மழை பெய்தால் மட்டும் ஊறுகிறதா? அப்படியானால் வெளிச்சுவரைப் பார்க்க வேண்டும், குளியலறைக்குள் எதைப் பூசினாலும் வீண்.

ஈரம் படுக்கையறைப் பக்கம் தெரிகிறது என்பதற்காக அந்தப் பக்கம் கோட்டிங் அடிப்பவர்களும் உண்டு. பின்னாலிருந்து வருகிற தண்ணீர் அதைத் தள்ளிக் கொப்புளமாக்கிவிடும். தடுப்பு தண்ணீர் படுகிற பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடைக்கத் தொடங்க முதல் அந்த அறைக்கும் ஹீட்டருக்கும் போகிற மின்சாரத்தை நிறுத்துங்கள். ஈரச் சுவருக்குள் 230 வோல்ட் வயர் ஓடுகிறது. முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், சீமெந்துத் தூள் சுவாசப்பைக்குக் கெடுதி. அப்புறம் சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள், பொந்துச் சத்தம் கேட்கிற இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். வட்டத்துக்கு வெளியே இன்னும் 15 சென்ரிமீற்றராவது சேர்த்து, கல் தெரியும் வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். உறுதியாக நிற்கிற பூச்சையும் டைலையும் தொட வேண்டாம், முழுச் சுவரையும் உடைத்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்கிற எல்லோரையும் நம்பவும் வேண்டாம். இந்தக் கொத்துவேலையை வீட்டாரே செய்யலாம், மேசன் பாஸின் நாள்கூலி மிச்சம். ஆனால் கொங்கிறீட் வெடித்துத் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு சிவில் எஞ்ஜினியரிடம் காட்டுங்கள்.

கல்லில் வெள்ளையாகப் பூத்திருக்கிற உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து, தூளை அள்ளி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். தேய்த்த பிறகு ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து காய விடுங்கள், மறுபடி உப்பு வந்தால் மறுபடி தேயுங்கள். மே முதல் செப்டெம்பர் வரைக்கும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் மழை பெய்கிற ஊரில் இது மெதுவாகத்தான் நடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் தள்ளிப்போட முடியுமென்றால் தள்ளிப்போடுங்கள்.

புதுப் பூச்சுக்குச் சுவரை நனைத்து, எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் (நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கிற ரப்பர் பால் போன்ற திரவம்) கலந்த சீமெந்துப் பாலை அடித்து, அது காய முதலே பூச வேண்டும், காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதிலாக வழுக்கும் படலமாகிவிடும். சீமெந்து ஒரு பங்குக்கு அரித்த மணல் மூன்று அல்லது நான்கு பங்கு. மணலில் உப்பு இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். கடல் மணலாக இருந்தால் கழுவியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பூசிய பிறகு ஏழு நாளாவது தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரே குளியலறை என்றால் இந்த ஏழு நாள்தான் பெரிய சண்டையே, ஆனாலும் மூன்றாம் நாளே டைல் ஒட்டச் சொல்லி மேசனை அவசரப்படுத்தாதீர்கள். ஜிப்சம் கலந்த புட்டியை இந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது, ஈரத்தில் அது இளகிப்போகும்.

இனித்தான் கோட்டிங். கடையில் இரண்டு விதம் கிடைக்கும்: தூளும் திரவமுமாகக் கலக்கிற சீமெந்து வகை, டின்னிலிருந்து அப்படியே அடிக்கிற ரப்பர் போன்ற வகை. முதலாவதை லேசான ஈரத்தில் அடிக்கலாம், அடிக்க வேண்டியதும் அப்படித்தான். இரண்டாவதற்குப் பெரும்பாலும் சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கொழும்பின் காற்றுக்கும் குறைந்த பட்ஜெட்டுக்கும் நான் சொல்வது சீமெந்து வகை. முதல் கோட் மேலிருந்து கீழாக, பக்கெட்டில் எழுதியிருக்கிற நேரம் போனபின் இரண்டாவது கோட் குறுக்காக. தூளில் தண்ணீரை அதிகமாக ஊற்றி இரண்டு சுவருக்கு வாங்கியதை நாலு சுவருக்கு இழுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்படி மெலிந்த படலம் எதையும் தடுக்காது. அதைவிட, ஷவர் தண்ணீர் படுகிற சுவர்களுக்கு மட்டும் ஆறடி உயரத்துக்கும் மற்றச் சுவர்களுக்குத் தரையிலிருந்து ஓரடிக்கும் ஒழுங்காக அடியுங்கள், பொருளும் மிஞ்சும்.

ஒழுக்கு அதிகம் தொடங்குவது தரையும் சுவரும் சேருகிற மூலையிலும் பைப் சுவரைத் துளைத்து வருகிற இடத்திலும்தான். மூலையில் சாந்தால் சரிவாக ஒரு அணை கட்டி, முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே அதில் ஃபைபர் வலை நாடாவை அழுத்திப் பதியுங்கள். நாடாவுக்குப் பெரிய செலவில்லை, காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

வாடகை அனெக்ஸில் இருப்பவர்களுக்கு உடைக்க உரிமை இல்லை. அவர்கள் டைல் இடுக்கிலுள்ள பழைய க்ரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம், மூலைகளுக்குப் பூஞ்சை பிடிக்காத சிலிக்கன் போடலாம். வெள்ளைச் சீமெந்தை மட்டும் கரைத்து இடுக்கில் தேய்க்கிற பழைய பழக்கம் வேண்டாம், அது சுருங்கி வெடிக்கும். புது க்ரவுட்டும் சிலிக்கனும் ஈரத்தைக் குறைக்கும், ஊதிய பூச்சைத் திருத்தாது. அதற்கு வீட்டுக்காரரிடம் படத்தோடு எழுத்தில் சொல்லி வையுங்கள்.

தரைக்கும் கோட்டிங் அடித்திருந்தால், டைல் ஒட்ட முதல் கழிவு வாயை அடைத்து ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். மாடி வீடு என்றால் கீழ் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, மறுநாள் அவர்களுடைய கூரைத் தட்டைப் போய்ப் பாருங்கள். ஈரப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் டைல்காரரை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.